பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய காலி பாட்டில்கள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த பயத்தோடும் எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். போனில் சொல்லலாம் என்றால் ஆபீசில் பத்துப் பேர் காது வைத்துக் கேட்பார்கள். வீட்டில் உங்கள் தங்கை ஒருத்தியே பத்துப் பேருக்குச் சமம். அதனால்தான் புதன்கிழமை உங்கள் மொத்த வியாபாரக் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

எங்கள் கம்பெனியில் தரை துடைக்கிற லிக்விட் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். விற்ற பாட்டில்களைக் கம்பெனியே திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டும் என்று சட்டம் வந்ததும், மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகக் காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, ஓட்டை உடைசல் இல்லையென்றால் நிரப்பலாம் என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் வேலை பார்த்த என்னைப் பிடித்து "திரும்பப் பெறும் பிரிவு" என்று ஒரு மேசையில் உட்காரவைத்தார். பிரிவில் நான் ஒருவன்தான். இந்த வருஷக் கணக்கு இரண்டாயிரம் பாட்டில். கடை கடையாக, வீடு வீடாக, மாடி மாடியாக ஏறி இறங்கி, குப்பை பொறுக்க வந்தவன் என்று இரண்டு இடத்தில் துரத்தப்பட்டு, இரண்டாயிரத்தையும் சேர்த்தேன் மச்சான், ஒன்றுகூடக் குறையாமல்!

பிளாஸ்டிக் உருக்கும் ஆலைக்கு அனுப்பினால், நாற்றம் தாங்கவில்லை, லேபிளை உரித்துக் கழுவி அனுப்பு என்று முழு லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாலு நாள் குளியலறையில் யாரும் குளிக்கவில்லை. "இத்தனை வருஷத்துல இந்த பாத்ரூம ஒரு தடவ தேய்ச்சிருக்கீங்களா? கம்பெனி பாட்டிலுக்கு மட்டும் கை எப்படி இப்படி வளையுது?" என்று உங்கள் தங்கை கேட்டாள். கேட்டாளே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் பாட்டிலை அவளும்தான் தேய்த்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இங்கேதான் என் கை என்னைக் கவிழ்த்துவிட்டது. கழுவிக் காயவைத்த பாட்டில்கள் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கவே, பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் அடுக்கி, பச்சை ஸ்டிக்கரையும் ஒட்டித் தொலைத்துவிட்டேன். எல்லாப் பெட்டியிலும்! திரும்ப ஆலைக்கு அனுப்பலாம் என்று கம்பெனிக் குடோன் மூலையில் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் குடோன் ஆள் ஒருத்தர் இருக்கிறார், எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார், அதனால் பெயரே ஆகட்டும். பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார், "ஆகட்டும்" என்றார், நிரப்பும் லைனுக்குத் தள்ளிவிட்டார். இன்று திங்கள்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தால் குடோன் மூலை வெறிச்சென்று கிடக்கிறது. இரண்டாயிரமும் நிரம்பி, புது லேபிள் ஒட்டி, சனிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது வேறெங்கும் இல்லை, உங்கள் கடையில்தான்.

மச்சான், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை, திரும்பப் பெற்ற பாட்டிலை எண்ண அரசாங்க ஆய்வாளர் அம்மா வருகிறார். இன்று மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு, "அந்தம்மா கையால தொட்டு எண்ணுவாங்கய்யா. குறைஞ்சா லைனை நிறுத்திடுவாங்க. லைன் நின்னா மொதல்ல யாரு வீட்டுக்குப் போவாங்கன்னு நான் வேற சொல்லணுமா?" என்றார். சொல்லவேண்டாம் சார் என்று வந்துவிட்டேன். பெரியவளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. ஐம்பத்துமூன்று வயதில் காலி பாட்டில் பார்க்கத் தெரியும் என்று சொல்லி நான் எங்கே போய் வேலை கேட்பேன்? உங்கள் தங்கைக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தால் வாய் வரவில்லை.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். ஒவ்வொரு பாட்டிலையும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். போன வருஷத் தேதி அச்சடித்திருந்தால் அது என் பாட்டில். லிக்விடைப் பெரிய டிரம்களில் ஊற்றி வைத்துக்கொண்டு, காலியை வியாழன் ராத்திரிக்குள் அனுப்பிவிடுங்கள். டிரம் போதாவிட்டால் மாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அக்கா கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்தால் நான் பிழைப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பாட்டில் சம்பந்தமில்லாத உத்தியோகத்தில் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இன்று செவ்வாய். ஆய்வாளர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் இன்றைக்கே வந்துவிட்டார். "பாட்டில் எங்கே?" என்றார். பொய் சொல்ல வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. மேனேஜர் என் பக்கமே திரும்பவில்லை. பிறகு அந்தம்மா, "உருக்குறதவிட அதே பாட்டில்ல திரும்ப நிரப்புறதுதாங்க ஒசத்தி. இந்த ஊர்ல ஒரு கம்பெனியும் செய்யல" என்று சொல்லி எழுதிக்கொண்டார். மேனேஜர் உடனே, "நான்தான் மேடம் இப்படிச் செய்யச் சொன்னேன்" என்றார். வேலை தப்பியது! ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், ஒரு பாட்டிலைக்கூடத் தொடாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் உங்கள் தங்கை வந்து, நேற்றே என் முதுகுக்குப் பின்னால் நின்று கடிதம் முழுவதும் படித்துவிட்டதாகவும், உடனே உங்களுக்குப் போன் போட்டதாகவும், நீங்களும் அக்காவும் விடிய விடிய இரண்டாயிரத்தையும் டிரம்மில் கொட்டி முடித்துவிட்டதாகவும் சொல்கிறாள். மச்சான், வியாழன் காலை பத்து மணிக்கு அந்தம்மா உங்கள் கடைக்கு வருகிறார், நிரம்பிய பாட்டிலை எண்ண. இதே லாரியில் இரண்டு புனல் வருகிறது. எல்லாவற்றையும் திரும்ப ஊற்றி மூடியை இறுக்கி மூடுங்கள். பச்சை ஸ்டிக்கர் வேண்டுமென்றால் என்னிடம் நிறைய இருக்கிறது.