தெற்கே தலை வைத்த சேற்றுக் குழாய்

சிவமயம்

சாவகச்சேரி,
ஆவணி 14.

அன்பிற் சிறந்த மருமகள் தர்சிகாவுக்கு மாமா சிவசுப்பிரமணியம் எழுதிக்கொள்வது. முழங்கால் வலி நீங்கலாக நானும் மாமியும் சுகம். கண்டிக் குளிர் உன்னையும் உன் பேராசிரியர் அருட்செல்வனையும் அண்டாதிருக்கப் பிள்ளையார் துணை நிற்பார். கைத்தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். முப்பத்தாறு வருடம் தபாலதிபராக இருந்தவன் வேறு என்ன செய்வான் என்பது ஒரு காரணம். போனில் கதைத்தால் மாமிக்குக் கேட்கும் என்பது மற்றது, அதுதான் உண்மையான காரணம்.

விஷயம் இதுதான். நீ எங்கள் வீட்டு ஹோலில் விட்டுப்போன சேற்றுக் குழாயை மாமி தலைகீழாக்கிவிட்டா. உன் மூன்று வருட ஆராய்ச்சி பாழாகிவிடுமே என்று ஒரு கிழமையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்து நாளைக்கு முன் நீங்கள் வந்து நீரேரிக்கரைத் தரவை வெளியில் துளைபோட்டு, ஐந்தரை அடிக் குழாய் நிறையச் சேறு எடுத்து, வாகனம் பழுதானதால் அதை எங்கள் ஹோலில் கிடத்தி, காயக்கூடாதென்று என்னுடைய வெள்ளை வேட்டியை நனைத்துச் சுற்றி, "மாமா, இது அசையக் கூடாது, காலமையும் பின்னேரமும் தண்ணி தெளியுங்கோ, சிவப்பு மூடி மேல்முனை, அது இண்டையான் மண், கறுப்பு மூடி அடிமுனை, அது ஆறாயிரம் வருசத்துக்கு முந்தினது" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் பேராசிரியரும் தேத்தண்ணீர் குடித்தபடி விளக்கினார். சேற்றில் கிடக்கும் மகரந்தத்தைப் பார்த்து எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது, மழை பெய்ததா பொய்த்ததா என்று சொல்லலாமாம், சிப்பியைப் பார்த்துக் கடல் எப்போது உள்ளே வந்து எப்போது திரும்பியது என்று சொல்லலாமாம். புகைபோக்கியும் மோட்டார் வண்டியும் இல்லாத காலத்திலும் பூமி தன் பாட்டில் மாறித்தான் வந்திருக்கிறது, அதன் பழைய வழக்கம் தெரிந்தால்தான் இன்றைய மாற்றத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம் என்றார். பிறகு கறுப்பு முனையோரம் விரலால் தட்டி, "இதுக்குள்ளை ஒரு கடல் கிடக்குது ஐயா" என்று சிரித்தார். அந்தத் தட்டல் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

எங்கள் ஹோல் ஒடுக்கம் என்பது உனக்குத் தெரியும். குழாய் வடக்குத் தெற்காகத்தான் கிடக்க முடியும், அதுவும் சிவப்புத் தலை தெற்கே இருந்தது. மறுநாள் பக்கத்து வளவுக் குகதாசன் வாசலால் எட்டிப் பார்த்தான். வெள்ளை சுற்றி, தெற்கே தலை வைத்து, ஆள் நீளத்தில் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, எப்ப நடந்தது? ஆர், அக்காவோ?"

"அவ குசினிக்கை புட்டு அவிக்கிறா."

"அப்ப இது ஆர்?"

"ஆறாயிரம் வருசத்துச் சேறு."

"உங்கடை பக்கமோ, அக்கான்ரை பக்கமோ?"

நான் விளக்கி முடிப்பதற்குள் அவன் மனுசி செத்தவீட்டுக்கென்று ஒரு கேத்தில் தேத்தண்ணீரோடு வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் பதினொரு பேர், பந்தல் போடுகிறவனும் வந்து முற்றத்தை அளந்தான், சேறு என்று தெரிந்த பிறகும் வந்தவர்கள் வந்ததற்காகச் சற்று நேரம் தலைகுனிந்து இருந்துவிட்டே போனார்கள். ஒரு கிழவி அழவும் செய்தா.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "தெற்கை தலை வைச்சுக் கிடத்தினால் சனம் வேறை என்ன நினைக்கும்? உந்தக் குழாயைத் திருப்பி விடுங்கோ."

"அசைக்கக் கூடாதெண்டு பிள்ளை சொன்னவள்."

"அப்ப நான் என்ரை பாட்டிலை பாக்கிறன்."

அடுத்த நாள் காலை சிவப்பு மூடி வடக்கே இருந்தது. குழாய் அரை மூட்டைச் சீமெந்துப் பாரம், உன்னோடு வந்த பெடியள் இரண்டு பேர் தூக்கித்தான் கிடத்தினார்கள். ஆகவே மூடிகளைத்தான் கழற்றி மாற்றியிருக்கிறா. நான் கேட்கவில்லை. மாமியும் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. நாற்பத்தொரு வருடக் குடும்பத்தில் ஒரு கிழமை கதைக்காமல் இருப்பது பெரிய காரியமல்ல. வடக்கே தலை வைப்பதும் கூடாதுதான், ஆனால் அது உயிரோடு இருப்பவர்கள் விடும் பிழை.

அதன் பிறகுதான் பிள்ளை, வீட்டில் கடல் மணக்கத் தொடங்கியது. நாற்பது வருடமாக இனித்த எங்கள் கிணறு உவர்க்கிறது. ஆவணி வெயிலென்று மனதைத் தேற்றினேன். பிறகு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க மறந்துபோனேன், வேட்டி நனைந்தபடியே கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. நேற்று மத்தியானம் குழாயில் காதை வைத்தேன். உள்ளே அலை அடித்தது என்று எழுதினால் மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது என்பாய், அதனால் எழுதவில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் நகத்தளவுச் சிப்பி ஒன்று வந்தது. மாமி அதைக் கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா.

எனக்குப் பயமாக இருக்கிறது. மேல்விலாசத்தை மாற்றி எழுதினால் கடிதம் அந்தப் பிழையான வீட்டுக்கே போய்ச் சேரும், யாருக்குரியது என்று கடிதத்துக்குத் தெரியாது. ஆறாயிரம் வருடத்துக்கு முந்திய கடலின் தலையில் 'இன்று' என்று எழுதி, எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

ஆகையால் நீ வந்து எடுக்கும்போது சிவப்பைக் கறுப்பாகவும் கறுப்பைச் சிவப்பாகவும் வாசி. இல்லையென்றால் கடல் முந்தாநாள்தான் வந்ததென்று எழுதி, பட்டத்தையும் பேரையும் இழப்பாய். மாமியை மன்னித்துவிடு. உன் ஆராய்ச்சி நிறைவேறவும், நல்ல இடத்தில் கலியாணம் கூடவும், ஊர்க் கிணறெல்லாம் இனிக்கவும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் மாமா
மு. சிவசுப்பிரமணியம்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. என் முதுகுக்குப் பின்னால் நின்று மாமி முழுவதும் வாசித்துவிட்டா. "நான் மூடியைத் தொடவே இல்லை. பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்து நீங்கள் மாத்தினனீங்கள் எண்டெல்லோ நான் கோபத்திலை இருந்தனான்" என்கிறா. இருவருமாகப் போய் முதன்முறையாக வேட்டியை விலக்கிப் பார்த்தோம். இரண்டு மூடியையும் குழாயோடு சேர்த்து நீ ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருக்கிறது, அதன்மேல் உன் கையெழுத்தும் கலையவில்லை. சிவப்பு சிவப்புத்தான், உன் ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. மூடி மாறவில்லை, குழாய்தான் திரும்பிப் படுத்திருக்கிறது. உனக்குப் போன் எடுத்தோம், வேலை செய்யவில்லை. முப்பத்தாறு வருடம் தபாலதிபராக இருந்தவன், இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கண்டி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கண்டதும் அதே பஸ்ஸில் ஏறி வா.