கொண்டை மேடமும் பறக்கும் சடைகளும்

தமிழில் சண்டை போடும் கதாநாயகிகள் இன்றைக்கும் தலை நிறைய முடியோடு நடமாடுகிறார்கள் என்றால், அந்தப் புகழ் எழுதியவர்களுக்குச் சேராது, படம் வரைந்தவர்களுக்கும் சேராது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்த கொண்டை மேடத்துக்குத்தான் சேரும்.

போன வாரம் முழுக்க எனக்கு அவர் நினைப்புதான். காரணம் என் மகள் மகிழ். ஆறு வயது, சின்னமனூரில் ஒன்றாம் வகுப்பு. பள்ளி நாடகத்தில் அவளுக்கு ராணி வேடம். அட்டைக் கத்தியால் மூன்று எதிரிகளை வீழ்த்த வேண்டும். அவளுடைய படக்கதைப் புத்தகத்தில் ராணி கத்தியைச் சுழற்றும்போது இடுப்புவரை நீண்ட சடை அந்தரத்தில் பறக்கும். "எனக்கும் அப்படிப் பறக்கணும்மா" என்கிறாள். ஆனால் ஒத்திகையன்று மேடை ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் நிற்பதை நான் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

"கொண்டைதான் போடணும்" என்றேன். அவள் அழுதாள். "சரி, சடை" என்றேன். நான் அழுதேன்.

"ஃபேனை எடுத்துரச் சொன்னா முடிஞ்சுது" என்றார் கணவர். எடுத்துவிட்டால் அந்த மேக்கப்போடு பிள்ளைகள் புழுக்கத்தில் மயங்கி விழுந்தால்? அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இந்தப் பயம் நான் பிறக்கும்போதே கொண்டுவந்தது இல்லை. கல்யாணத்துக்கு முன் அந்த மில்லின் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது கொண்டை மேடத்திடமிருந்து தொற்றியது.

மேடத்தின் சட்டம் ஒரு வரிதான். ஓடுகிற மெஷின் பக்கத்தில் முடி ஆடக்கூடாது. அவருடைய முடி உச்சியில் கொண்டையாக இருக்கும், அதன் மேல் இரண்டு நெட், அதற்கும் மேல் தொப்பி. தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதில் மில்லில் மூன்று கட்சிகள் இருந்தன. வழுக்கை என்றது ஒன்று. சவுரி என்றது ஒன்று. மதியச் சாப்பாடு என்றது மூன்றாவது.

சட்டம் நல்ல சட்டம். மில் கேட்டோடு அதை நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியாததுதான் சிக்கல். டீ நேரத்தில் வாரப்பத்திரிகையை விரித்துத் தொடர்கதையோடு உட்காருவார். மற்றவர்கள் கதை படிப்பார்கள், மேடம் இன்ஸ்பெக்‌ஷன் செய்வார்.

"ஏத்தா, இங்கன பாரு இவள. எட்டுப் பேர்கூடச் சண்டைக்குப் போறா. சடைய முழங்கால் வரைக்கும் விட்டுட்டுப் போறா. எவனாவது புடிச்சு இழுத்தான்னா?"

"அவ போலீஸ், மேடம். திருப்பி அடிச்சிருவா" என்பேன்.

"போலீஸுக்குன்னா தனியாவா முடி மொளைக்குது?"

ஒரு தடவை அந்தத் தொடரை எழுதியவருக்குக் கடிதம் போட்டார். உறைக்குள் மில்லின் நெட் ஒன்றையும் வைத்து, 'உங்கள் கதாநாயகிக்கு' என்று எழுதியிருந்தார். பதில் வரவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் தொடருக்கு வரைந்த படத்தில் கதாநாயகி தலையில் தொப்பியோடு இருந்தாள். குண்டு பாய்ந்து ஆபரேஷனுக்குப் படுத்திருந்ததால் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட தொப்பி அது. மேடத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "நம்ம நெட்டு போய்ச் சேந்துருச்சு" என்று ஷிஃப்டுக்கே மிட்டாய் கொடுத்தார்.

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மில்லில் 'நியர் மிஸ்' என்று ஒரு பதிவேடு உண்டு. நடக்க இருந்து, மயிரிழையில் நடக்காமல் போன விபத்துகளை அதில் எழுத வேண்டும். அது என் பொறுப்பில் இருந்தது. கொண்டை மேடம் அதில் கதாநாயகிகளை ஏற்ற ஆரம்பித்தார்.

தடுத்திருக்க வேண்டும். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பதினோரு கதாநாயகிகள் ஏறிவிட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் நூலை வாங்கும் கம்பெனியிலிருந்து மில்லின் பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டர் வந்தார். பதிவேட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பவித்ரா, வயது இருபத்து மூன்று" என்று வாசித்தார். "மேகமலை ரோட்டில் ஓடும் லாரிக்கு மேல் எட்டுப் பேருடன் சண்டை. காயம் இல்லை. சடை, முழங்கால் வரை. பரிந்துரை, கொண்டை." கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பொண்ணு எந்த ஷிஃப்ட்?"

மேடம்தான் முன்னால் வந்தார்.

"ஷிஃப்ட் இல்லைங்க சார், தொடர்கதைல வர்றவ. அடுத்த வாரம் கெணத்துல தள்ளப் போறாக."

"கதையா? அதை ஏம்மா இதுல எழுதுனீங்க?"

"சார், செவுத்துல நாப்பது ரூல் தொங்குது. அத ஒருத்தியும் ஏறிட்டுப் பாக்கலை. இதப் படிக்க டீ டயத்துல வரிசையில நிக்குறாளுக. படிச்சுப்புட்டுச் சடையத் தூக்கிக் கட்டிட்டுத்தான் உள்ள போறாளுக. வேணுமின்னா போய்ப் பாருங்க." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "எழுதுனது பூராம் நானு. இந்தப் புள்ள கோடு மட்டும்தான் போட்டுச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

ஆடிட்டர் உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு சடைகூட ஆடவில்லை. ஆனாலும் விடவில்லை. 'பணியாளர் அல்லாதோர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளனர்' என்று குறை எழுதினார். மேடத்துக்கு ஒரு மெமோ வந்தது. எனக்கு வரவில்லை. "கரெக்டாத்தான் எழுதிருக்காரு" என்று மேடம் மெமோவைப் பாராட்டினார். ஆடிட்டர் ஜீப்பில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, "அந்த லாரிப் பொண்ணு கெணத்துல விழுந்து பிழைக்கிறாளாம்மா?" என்று கேட்டதையும் நான் கேட்டேன்.

"கொண்டை போட்டுருந்தா பொழைப்பா சார்."

நாடகத்துக்கு முதல் நாள், மனசு கேட்காமல் மேடத்துக்கு ஃபோன் போட்டேன். ஓய்வு பெற்று மயிலாடும்பாறையில் இருக்கிறார். இத்தனை வருடத்தில் இரண்டு தடவைகூடப் பேசியதில்லை. என் காரியத்துக்கு மட்டும் கூப்பிடுகிறேனே என்று அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி.

"மேடம், டைம் ஆபீஸ் வித்யா பேசுறேன்."

"சொல்லுத்தா. யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை மேடம்."

"பெறகெதுக்கு மூச்சு வாங்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஃபேனுக்கு முன்னாடி கம்பி வலை இருக்கா?"

"இருக்கு."

"சந்துக்குள்ள வெரல் போகுதா?"

"என் விரல் போகலை. பிள்ளைங்க விரல் போகும்."

"விட்டுப் பாத்தியா?"

"நிறுத்தி வச்சுத்தான் மேடம் பாத்தேன்."

"நல்ல புள்ள. புள்ள நிக்கிற எடத்துக்கும் அதுக்கும் எத்தன அடி?"

"நாலு."

"பன்னெண்டடி தள்ளி வையி. ஒயரத் தரையோட டேப்பு போட்டு ஒட்டு. சடையத் தொங்க விட்டுரு."

காது தவறாகக் கேட்டதோ என்று நினைத்தேன். "மேடம், கொண்டை..."

"எதுக்குத்தா கொண்டை? அங்கன மெஷினா ஓடுது? அட்டக் கத்திதான?" பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "வீடியோ எடுத்து அனுப்பு. மூஞ்சி வேணாம், பின்னாடியிருந்து எடு."

மறுநாள் இஞ்சு டேப்போடு போய் பன்னிரண்டு அடி அளந்தேன். தலைமை ஆசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகிழ் மேடை ஏறினாள், கத்தியைச் சுழற்றினாள். இரண்டு எதிரிகள் ஒழுங்காக விழுந்தார்கள். மூன்றாவது பையன் விழ மறந்து கூட்டத்தில் தன் அம்மாவைத் தேடிக்கொண்டு நின்றான். மகிழ் ஒரு சுற்று சுற்றினாள். சடை அவன் கன்னத்தில் பட்டென்று அடித்தது. விழுந்தான். கைதட்டல். என் வீடியோவில் பாதி கூரைதான் தெரிந்தது. அதை அப்படியே மேடத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் என் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. நோட்டுத் தாள் ஒன்றில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பழைய கட்டங்களில் பழைய கையெழுத்து.

பெயர்: மகிழ். வயது: ஆறு. பணி: ராணி. எதிரிகள்: மூன்று. காயம்: எதிரிக்கு மட்டும், லேசாக. சடை: பறந்தது.

பரிந்துரை என்ற கட்டத்தில் எப்போதும் சிவப்பு மையில் 'கொண்டை' என்றுதான் இருக்கும். இந்த முறை இப்படி இருந்தது:

'ஒன்றும் இல்லை. வேறு வீடியோ இருந்தால் அனுப்பவும். இதை ஒன்பது தடவை பார்த்துவிட்டேன்.'