பத்துத் தடவை கேட்க வேண்டிய ஆல்பம்

ரசனை உள்ள மனுசன் ஊருக்கு ஆகாது. இதை அடுத்தவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பதுளை டவுனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. வீடு ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. நாலு வருசத்துக்கு முன்னால் கடைக்கு வந்த ஒரு நண்பன் என் போனில் ஓர் ஆல்பத்தை ஏற்றிவிட்டுப் போனான். புரோகிரசிவ் ராக் என்றான். எட்டுப் பாட்டு, ஐம்பத்திரண்டு நிமிடம். தலையாட்டத் தொடங்கினால் தாளம் பாதியில் மாறிவிடும், நாம் மட்டும் தனியாக ஆட்டிக்கொண்டிருப்போம். முதல் தடவை கேட்டபோது போனில்தான் கோளாறு என்று ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன் (தொழில் புத்தி). மூன்றாம் தடவை தலைவலி வந்தது. ஏழாம் தடவை, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்கும்போது, எல்லாம் பிடிபட்டுவிட்டது. முதல் பாட்டில் கிட்டார் கேட்ட கேள்விக்கு ஆறாம் பாட்டில் ஆர்கன் பதில் சொல்கிறது! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா, "வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா தம்பி?" என்று விசாரித்தார்.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். "பத்துத் தடவை கேளுங்க, அப்புறம் பேசுங்க" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்து என்ன, இரண்டாம் தடவை கேட்டவர்கூட எவருமில்லை. தங்கச்சி ஒன்றரை நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். அம்மா மட்டும் மரியாதைக்கு முதல் பாட்டை முழுசாகக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

எங்கள் லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பின்னாலிருக்கிற மலையை நாங்கள் நம்புவதில்லை. மேலே ஓரிடத்தில் மண் வெடித்திருக்கிறது. வேறு இடத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது, போவதற்குத்தான் இடம் வரவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். மழை அளக்கும் குவளையில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கோயில் தலைவர் கோயில் ஸ்பீக்கரில் சைரன் போடுவார். உடனே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. இதை இரண்டு முறை ஓடியும் பழகியிருந்தோம்.

அந்த ஸ்பீக்கருக்கு வயர் பார்க்கிற நிபுணர் நான்தான்.

தீபாவளி அன்று பகல், தூறல். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளெல்லாம் வீடு வந்திருந்தார்கள், எல்லா அடுப்பிலும் கறி. தலைவர் சாவியை என்னிடம் நீட்டி, "தம்பி, நான் சாப்பிட்டுட்டு வாறேன். சாமிப் பாட்டப் போட்டுக்கிட்டு இரு" என்றார். சாமிப் பாட்டு இரண்டு ஓடியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு ஊரே வீட்டில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு நிமிடம் யாரும் தப்பி ஓட முடியாது. (ஓடினார்கள்.)

நாலு பாட்டு வரைக்கும் ஒரு எதிர்ப்பும் இல்லை. ரசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஐந்தாம் பாட்டு மழைச் சத்தத்தில் தொடங்கும். பிறகு இடி. பிறகு தூரத்தில் ஒரு சைரன், மெதுவாக ஏறி ஏறி ஒரு நிமிடம் முழுக்க ஊதும். நூறு தடவைக்கு மேல் கேட்டவன் நான். அது சைரன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. கண்ணை மூடி, கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தால் ரோட்டில் மொத்த லயமும் ஓடுகிறது. புதுச் சேலையெல்லாம் சேறு. தலைவர் சோற்றுக் கையோடு ஓடுகிறார். பதறிப்போய் பாட்டை நிறுத்தினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. சைரன் பாதியில் நின்றால் என்ன அர்த்தம்? கோயிலை மண் மூடிவிட்டது என்று அர்த்தம். கூட்டம் அலறிக்கொண்டு இரண்டு மடங்கு வேகமாக ஓடியது.

நான் எதிர்ப்பக்கமாக வீட்டுக்கு ஓடினேன். லயம் காலி, கதவெல்லாம் திறந்து கிடந்தது. எங்கள் வாசலில் மட்டும் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா போகல?"

"கோயிலுக்குப் போனவன் நீ இன்னும் வரலையே. உன்னய விட்டுட்டு எப்பிடிப் போறது?"

"யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"அது மத்தவங்களுக்குச் சொன்னது."

வெட்கமெல்லாம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது பயம். அன்றைக்கு மலை உண்மையாகவே இறங்கியிருந்தால், அம்மா எனக்காக அந்த வாசலில் நின்றே செத்திருப்பார். "அது என் பாட்டும்மா" என்றேன். "ஓ, இப்பத்தான் ஆரம்பிச்சுதா?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போனார்.

ஊர் திரும்பி வந்தபோது தீபாவளிக் கறியை நாய்கள் முடித்திருந்தன. யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். தலைவர் கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நான் கடையில் இருந்தபோது தங்கச்சி போன் பண்ணினாள். பின்னால் சைரன் கேட்டது.

"அண்ணே, பாட்டா, மண்ணா?"

"என்கிட்ட சாவியே இல்லடி! மண்ணுதான், ஓடுங்க!"

"சத்தியமா? இங்க எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க, உன்னயத்தான் கேக்கச் சொல்றாங்க."

கடையில் ஆட்கள் பார்க்க, நான் அழுதுகொண்டே சத்தியம் செய்தேன். பிறகுதான் போனார்கள். வாசலை விட்டு வராத அம்மாவை மச்சான், தங்கச்சியின் புருசன், தூக்கிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் மலையின் ஒரு பக்கம் இறங்கி, தண்ணீர்த் தாங்கியையும் மரக்கறித் தோட்டங்களையும் கொண்டுபோனது. ஆளுக்குச் சேதமில்லை.

இப்போது அது எங்கள் வீட்டுப் பகிடி. குக்கர் விசிலடித்தாலும் "பாட்டா, மண்ணா?", மச்சான் குறட்டை விட்டாலும் அதேதான். கல்யாண வீடுகளில் என்னை அந்தக் கதையோடுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அப்புத்தளை தாண்டினால் கொஞ்ச தூரத்துக்குச் சிக்னல் கிடைக்காது. மறுபடி கிடைத்தபோது போனில் இருபத்து மூன்று அழைப்புகள், எல்லாம் தோட்டத்திலிருந்து. உடனே வீட்டுக்குப் போன் பண்ணினேன். சைரன் வேலை செய்கிறதா என்று சும்மா ஊதிப் பார்த்தார்களாம்.

"அது சும்மாதான்னு முன்னாடியே தெரியுமாம்மா?"

"எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீதான் போன எடுக்கலையே. அதான் எல்லாரும் வீட்டுலயே இருந்தோம்."