பெயிண்ட் ஈரம், தொடாதீர்

காவல்காரர் என்றதும் உங்களுக்குக் காக்கிச் சட்டை நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு இனம். ஒரு பொருளைக் காப்பாற்றக் கிளம்பி, அது எதற்காக இருக்கிறதோ அந்த வேலையிலிருந்தே அதைக் காப்பாற்றிவிடுகிற இனம். இங்கிலாந்துக் கிராமங்களில் இது செழித்து வளர்கிறது. மழை அதிகமல்லவா?

எங்கள் ஊர் வில்ஃபிரட் தோர்ன்பியைப் பாருங்கள். ஆளுக்கொரு கைப்பேசி வந்து, ஊர்ப் பொதுத் தொலைபேசி சீந்துவாரில்லாமல் போய், அது இருந்த சிவப்புக் கூண்டைப் பெயர்த்துப் போக ஆட்கள் வந்தபோது, மனு எழுதி, கூட்டம் போட்டு, லாரிக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் ஃபிளாஸ்க் டீயோடு உட்கார்ந்து, ஒரே ஒரு பவுண்டுக்கு அதை ஊருக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அன்று அவரைக் கட்டிப்பிடிக்காத ஆளில்லை. அதாவது, கைகுலுக்காத ஆளில்லை. எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான்.

போன் இருந்த இடத்தில் முதலில் புத்தகங்கள் வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம். வில்ஃபிரட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. எடுத்தால் வரிசை கலைகிறதே! 'கதவை மெல்லச் சாத்தவும்', 'குடை வெளியே', 'துப்பறியும் கதைகள் இடப்பக்கம் மட்டும்' என்று பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்புகளாக ஒட்டித் தள்ளினார். அப்புறம், நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து ஓடவைக்கும் கருவியும் ஒரு பச்சைப் பெட்டியில் அங்கே வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி இருபது மைல் தள்ளி இருப்பதால் ஊரே மகிழ்ந்தது.

"எல்லாம் சரி, அந்தப் பச்சைப் பெட்டி நம்ம சிவப்போட ஒத்துப்போகுமா?" என்றார் வில்ஃபிரட்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை கூண்டுக்கு மூன்றாவது பூச்சு அடித்து, சுற்றிக் கயிறு கட்டி, 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்' என்று எழுதி மாட்டிவிட்டு, எதிர்ப் புல்வெளிக்கு, ஊர்ப் பெரியவர்கள் ஆடும் பந்து உருட்டும் ஆட்டத்துக்குப் போனார். அங்கே, முப்பது வருடமாக அவரோடு ஆடுகிற செட்ரிக், உருட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். மூச்சில்லை. மதுக்கடைக்காரி பெரில் ஓடிவந்து அவர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள்.

"யாராச்சும் அந்தக் கருவிய எடுத்துட்டு வாங்களேன்!"

ஆறு பேர் ஓடினார்கள். ஆறு பேரும் கயிற்றருகே நின்றார்கள். அறிவிப்பைப் படித்தார்கள். திரும்பி வில்ஃபிரட்டைப் பார்த்தார்கள்.

"நாலு மணிக்குத்தான் காயும்..." என்றது வில்ஃபிரட்டின் வாய், அவரைக் கேட்காமலேயே.

"செட்ரிக் நாலு மணி வரைக்கும் தாங்குவானாய்யா? நீயே கேட்டுச் சொல்லு!" என்று கத்தினாள் பெரில்.

அவ்வளவுதான். அறுபத்தெட்டு வயதுக்காரர் விழுந்தடித்து ஓடினார். கயிற்றை அறுத்தார், இரண்டு உள்ளங்கைகளையும் ஈரக் கதவில் அப்பித் திறந்தார், கருவியோடு திரும்பினார். அது தன் வேலையைச் செய்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் செட்ரிக் கண் விழித்து, நண்பரின் சிவப்புக் கைகளைப் பார்த்தார்.

"பெயிண்டா? அடடா... மன்னிச்சுக்கப்பா வில்ஃப், உனக்கு வேலை வச்சுட்டேன்."

வில்ஃபிரட் புல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தயங்கி நின்ற அந்த நொடிகளை நினைத்து அவருக்கு அவமானமாக இருந்தது. ஊரார் மரியாதையாக வானத்தைப் பார்த்து, சாயந்தரம் மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

திருந்தினாரா? திருந்தாமல் என்ன! மறுவாரமே புது அறிவிப்பு மாட்டினார்: 'உயிர் போகும் அவசரமென்றால், ஈரமாக இருந்தாலும் தொடலாம்.' கீழே பொடி எழுத்தில்: 'கைப்பிடியை மட்டும்.'

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அப்படியே எழுந்துபோய், விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியில் நீங்கள் பூட்டி வைத்திருக்கும் பீங்கான் தட்டுகளை ஒருமுறை பாருங்கள். பத்து வருடமாக உங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் எவர்சில்வர் தட்டில்தானே சாப்பிட்டுப் போனார்கள்?