உடைக்கிற பாயும் 'மற்றவை' என்ற கடைசி வரியும்

பயந்து செய்த காரியத்தைக் கவனமாகச் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ளலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

சிங்கப்பூரில் உடைக்கிற பாயின் கையில் சிக்கித் தப்பித்த பொருளும் கிடையாது, அவரால் மனம் நொந்த மனிதரும் கிடையாது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை ஆளாக வியாபாரம் செய்தார். தொழிற்சாலைகளுக்கான சோதனை இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பார். கம்பியை அறுந்துபோகும்வரை இழுக்கும் இயந்திரம், காங்கிரீட் கட்டியை நொறுங்கும்வரை நசுக்கும் இயந்திரம் என்று எல்லாமே நாசகாரக் கூட்டம். அவருக்கு அந்தப் பெயர் வேறு எப்படி வந்திருக்கும்?

நான் தஞ்சோங் பகாரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் சுங்கப் படிவம் நிரப்புகிறவள். நாட்டுக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் ஓர் எட்டு இலக்க எண் உண்டு. அதைத் தேடிப் போட்டு, கீழே என் பெயரையும் போட வேண்டும்.

பாய் முதன்முதலில் அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு சூட்கேஸ் கொண்டுவந்தார். உள்ளே சின்னதாக ஒரு நசுக்கும் இயந்திரம். "மெஷினைப் பாக்காம நம்பர் போடக் கூடாதும்மா" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எங்கள் மேலாளர் கலைவாணி அக்காவின் கோப்பிக் குவளையை எடுத்து உள்ளே வைத்தார்.

"பாய், அது என் கப்!"

"தெரியும்மா. எவ்வளவு தாங்கும்னு உங்களுக்கும் தெரியணும்ல?"

தெரிந்துகொண்டோம். பாய் அந்த அளவைச் சட்டைப்பையில் இருந்த நோட்டில் குறித்துக்கொண்டார். மறுவாரம் இரண்டு புதுக் குவளைகளோடு வந்து நின்றார். "ஒண்ணு குடிக்கிறதுக்கு. இன்னொண்ணு, ஏதாச்சும் தேவைப்பட்டா."

அவருக்குப் பிடிக்காதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் எண் பட்டியலில் ஒவ்வொரு பிரிவிலும் சில பொருள்களுக்குப் பெயர் இருக்கும். பெயரில்லாத மிச்சத்துக்கெல்லாம் கடைசி வரியில் 'மற்றவை' என்று ஓர் எண் இருக்கும். ஒருமுறை அவருடைய இயந்திரம் ஒன்றை அதில் போட்டுவிட்டேன். உடனே தொலைபேசியில் அழைத்தார்.

"என்னம்மா, என் மெஷினை மத்ததுல தள்ளிட்டீங்களாம்?"

"பாய், அது கெட்ட வார்த்தை இல்ல. லிஸ்ட்ல கடைசி லைன், அவ்வளவுதான்."

"கடைசி லைன்! கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்கு என்ன கிடைக்கும்னு தெரியுமாம்மா? எலும்பு."

பேச்சுக்குப் பேச்சு சிங்கப்பூர் 'லா' போடும் கலைவாணி அக்கா தொலைபேசியைப் பிடுங்கினார். "பாய், ரெண்டுக்குமே டியூட்டி ஸீரோ லா! எந்த நம்பர் போட்டாலும் ஸீரோ!"

"ஸீரோன்னா மரியாதையும் ஸீரோவா?"

அதன்பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் முன்பு எனக்கு ஒரு கடிதம் வரும். இயந்திரத்தின் பிறப்பு, வளர்ப்பு, குணநலன் எல்லாம் பத்துப் பக்கம். மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதியதுபோல இருக்கும். ஓர் இயந்திரத்தைப் பற்றி 'சத்தமே போடாது, அதிகம் மின்சாரம் கேட்காது' என்று எழுதியிருந்தார்.

எனக்கு மகள் பிறந்தபோது ஈசூனில் எங்கள் வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டி கொண்டுவந்தார். புத்தம் புதியது, ஆனால் சக்கரமெல்லாம் சேறு. "இருபது கிலோ அரிசி மூட்டையை ஏத்தி, பெல்ட்டும் போட்டு, தேக்கா மார்க்கெட்டை ரெண்டு ரவுண்டு சுத்திட்டேன்மா. பாக்குறவங்கல்லாம் சிரிச்சாங்க. தாங்குது. பிள்ளையைத் தைரியமா உக்கார வைங்க" என்றார். பால் சூடு சரியா, மூச்சு வருகிறதா என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்கிற நான், அந்த வண்டியை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் மாதமே ஓர் எண்ணைத் தவறாகப் போட்டேன். ஏதோ ஒரு பம்பு. திருத்தச் சொல்லிச் சுங்கத்துறையிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. அபராதம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தப் பயந்து, படிவத்தை முதலிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த நிலையில்தான் பாயின் பெரிய இயந்திரம் துறைமுகக் கிடங்குக்கு வந்தது. எண் போட்டுப் படிவத்தை அனுப்பாமல் அதை அங்கிருந்து எடுக்க முடியாது.

"இது ராஜாம்மா" என்றார். "இழுக்கும், நசுக்கும். இரும்பு, ரப்பர், பிளாஸ்டிக், எதைக் குடுத்தாலும் பாக்கும். துவாஸ்ல ஒரு ஃபேக்டரி மூணு வாரத்துல வேணுங்குது. இத்தனை வருஷத்துல இதுதான் பெரிய ஆர்டர்."

அதில்தான் சிக்கல். உலோகத்தைச் சோதிக்கும் இயந்திரத்துக்குப் பட்டியலில் தனிப் பெயர், தனி எண். ரப்பரும் பிளாஸ்டிக்கும் என்றால் 'மற்றவை'. இரண்டையும் சோதித்தால்? விதிகளைப் படித்தேன். படிக்கப் படிக்க இரண்டுமே சரியாகத் தெரிந்தன. பிறகு இரண்டுமே தவறாகத் தெரிந்தன.

பாய் முதலில் சண்டை போட்டார். இரும்புதான், இரும்பேதான், ரப்பரெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு என்றார். நான் முடிவெடுக்கவில்லை. நான்காம் நாள் அவரே அலுவலகத்துக்கு வந்தார். கையில் சூட்கேஸ் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மற்றவைன்னே போட்டுடுங்கம்மா."

அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. கலைவாணி அக்கா எழுந்து என் மேசைக்கு வந்தார். "பாயே சொல்லிட்டாரு. போடு லா" என்றார்.

நான் போடவில்லை. "எதுக்கும் கஸ்டம்ஸுக்கு எழுதிக் கேட்டுடலாம் பாய். அவங்களே எந்த நம்பர்னு சொல்லட்டும்" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்களுக்கு மனசு நிம்மதியா இருக்கணும்ல. கேளுங்கம்மா" என்று எழுந்து போனார்.

மூன்று வாரம் ஆனது. பதில் வரவில்லை. இப்படிப்பட்ட கேள்விக்கு நேரம் ஆகத்தான் செய்யும். யாரையும் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டது. இயந்திரம் சிங்கப்பூருக்குள் நுழையாமலே, கிடங்கிலிருந்து நேராக மலேசியாவின் ஜொகூருக்குக் கிடைத்த விலைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பாய் மாடியைக் காலி செய்தார். "வயசாச்சும்மா, படி ஏற முடியல" என்றார். அந்தப் படியில் அவர் முப்பது கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் கடையை மூடி எட்டு நாள் கழித்து என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. இரண்டு எண்ணும் சமமாகப் பொருந்துவதால், விதிப்படி வரிசையில் கடைசியாக வருவதே சரியானது. மற்றவை.

அதை யாருக்கும் அனுப்பாமல் மூடிவைத்தேன். பாயும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "பிள்ளை நடக்குதாம்மா? ஞாயித்துக்கிழமை பாக்க வரேன். அப்புறம் ஒண்ணு, நம்ம ராஜாவுக்குக் கடைசியில எந்த நம்பர்தான் குடுத்தாங்க? சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் போடவில்லை.

அவரிடம் உண்மையைச் சொன்னால், தன் பிடிவாதத்தை விழுங்கிவிட்டு அவர் சொன்ன எண்ணே சரி, அன்றே நான் பொத்தானை அழுத்தியிருந்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். உலோகத்துக்கான எண் என்று ஒரு பொய் சொன்னால் அவர் முகம் மலரும். ராஜா ராஜாவாகவே இருந்தது என்று ஊரெல்லாம் சொல்வார். என் பயமும் கவனமாகிவிடும். அதனால்தான் அந்தப் பொய்யை நினைத்தாலே கூசுகிறது. அது அவருக்காகவா எனக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"முடிஞ்ச ஃபைலை ஏன் லா திறக்கிற?" என்கிறார் கலைவாணி அக்கா. "சொல்லிடு" என்கிறார் என் கணவர். சொல்லப்போவது அவர் இல்லை அல்லவா.

வாசகர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எந்த யோசனையானாலும் எழுதுங்கள். எதையாவது சாக்குச் சொல்லி அவரை வரவேண்டாம் என்று தடுத்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அவருக்குப் பிடித்த ஆட்டுக்கால் சூப்புக்கு நேற்றே சொல்லிவைத்துவிட்டேன்.