சிவப்பு நூல் கட்டிய மரங்கள்

வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் ஆல்டனுக்கு இந்த மானக்கேடு வந்திருக்காது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தின் மதிய விருந்தில், பீன்ஸ் தட்டும் கையுமாக எழுந்து நின்றுவிட்டான்.

"மேப்பிள் மரத்துச் சாறெடுத்துப் பாகு காய்ச்சுற காலம் வந்தாச்சு. அந்த மரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இலையே வேண்டாம். பட்டையைத் தொட்டா போதும். சனிக்கிழமை எங்க காட்டுக்கு வாங்க, கத்துத் தர்றேன்."

"வருஷா வருஷம் உன் பொண்டாட்டிதானே மரத்துல துளை போடுவா?" என்றான் பக்கத்துப் பண்ணை ஹோலிஸ்.

"வெர்னாவுக்குச் சாறு காய்ச்சத்தான் தெரியும். மரமெல்லாம் ஆம்பிளை சமாச்சாரம்."

நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த வெர்னா ஊறுகாயை நறுக்கென்று கடித்தாள். ஆல்டன் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மரங்களை அடையாளம் காட்டும் புத்தகத்தை அவன் வாங்கியதே கிறிஸ்துமஸுக்குத்தான். புத்தகத்தில் எல்லா மரத்துக்கும் இலை இருந்தது. காட்டில் ஒன்றுக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை பனியில் இறங்கி மரம் மரமாகத் தடவினான். எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் சொரசொரப்பு. வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று யோசித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு மரத்தின் பின்பக்கம், முழங்கால் உயரத்தில், சிவப்புக் கம்பளி நூல். அந்தப் பக்கம் இன்னொன்று. இலை உதிருமுன் மேப்பிள்களுக்கு நூல் கட்டி வைப்பது வெர்னாவின் வழக்கம். அவள் உழைப்பைத் திருடக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள். ஆல்டன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறுகண்ணால் முழங்கால் உயரத்தைப் பார்த்தபடி பட்டையைத் தடவினான். "மேப்பிள்!" துளை போட்டு, குழாயைச் செருகி, வாளியை மாட்டினான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு சொட்டுச் சாறுகூட வரவில்லை.

"என்னப்பா, காய்ஞ்சு கெடக்கு?"

"மரம் இன்னும் முழிக்கல."

ஆறாவது மரமும் முழிக்கவில்லை. ஹோலிஸ் குழாயில் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "தூள்தான் வருது" என்று துப்பினான்.

டோனட் கூடையோடு வெர்னா வந்து சேர்ந்தாள்.

"ஏங்க, விறகுக்கு வச்சிருக்கிற ஆஷ் மரத்தையெல்லாம் எதுக்குத் துளைச்சீங்க?"

"நீதானே சிவப்பு நூல்..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நூலா? பட்டையைத் தொட்டுல்ல சொல்லுவேன்னீங்க?"

எட்டுப் பேரும் குனிந்து மரங்களின் பின்பக்கம் பார்த்தார்கள். ஆல்டனுக்குக் காது மடல்வரை சுட்டது. அப்படியே பனியில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"எப்ப கட்டின?" என்று முனகினான்.

"ஊர்க்கூட்டம் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலமே. மேப்பிள்ல இருந்ததை அவுத்து இங்க கட்டினேன். ஆம்பிளை சமாச்சாரம்தானே, கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பார்த்தேன்."

நூலே இல்லாத ஒரு மரத்தைப் போகிறபோக்கில் தட்டிப் பார்த்துத் துளை போட்டாள். சாறு வாளியில் டொக், டொக் என்று விழுந்தது. எட்டுப் பேரும் அவள் பின்னால் போய்விட்டார்கள். ஆல்டன் நின்ற இடத்திலேயே நின்றான்.

வெர்னா திரும்பி வந்து, ஒரு நூலை அவிழ்த்து, அவன் கோட்டுப் பொத்தானில் முடிச்சுப் போட்டாள்.

"ஹோலிஸ், இந்த மரத்தையும் துளைச்சிடாதீங்க. ஒண்ணும் வராது."