கொண்டல் காற்றும் பளபளா அண்ணன் பேனாவும்

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு தெரு முழுக்க உலை வைப்பதைத் தடுத்து நிறுத்தும் தைரியம் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கலெக்டர் இல்லை, பளபளா அண்ணன்.

பிழைப்புக்கு அவர் செய்தது ஃபைபர் படகு ரிப்பேர். ஓட்டையை அடைத்தால் போதாது, அந்த இடம் முகம் பார்க்கிற மாதிரி மின்னவேண்டும் அவருக்கு. “ஓட்டைய அடைடான்னா பாலிஷ் போட்டு வெச்சிக்கீறான். கால் வெச்சா வழுக்குது!” என்று படகுக்காரர்கள் திட்டியதுதான் பெயராக ஒட்டிக்கொண்டது.

ஆனால் உயிர் மட்டும் மரப் பேனா செய்வதில். வேலிகாத்தான் கட்டையைத் தையல் மெஷின் மோட்டாரில் மாட்டிச் சுழலவிட்டுக் கடைவார். பிறகு துணியில் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய், அதன்மேல் சூப்பர் குளூ, சுழலுகிற கட்டையில் லேசாக ஓர் அழுத்தம். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதற்குமேல் இன்னொன்று. கடைசியில் அது மரமா கண்ணாடியா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் பளபளப்பு வெளுத்துப்போய், பேனா விபூதி பூசிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி என்று இருக்கிற ஊரில் ஈரத்தோடு சண்டைக்கு நின்ற ஒரே மனிதர் இவர்தான். நிலத்துப் பக்கமிருந்து கச்சான் வீசினால்தான் பூச்சு வேலை. கடலிலிருந்து கொண்டல் வீசினால் லீவு. கச்சான் வீசும் நாளிலும் அக்கம்பக்கத்துச் சோற்று ஆவி வந்துவிடுமே என்று வீடு வீடாகப் போவார்.

“யக்கா, ஒல வெச்சிட்டியா? ஒரு அரமணி நேரம் கம்முனு இரேன்.”

“உன் பேனாவையா துன்றது? புள்ளைங்க பசியா கீது, போய்யா!”

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த நான், பொன்னேரி ஆபீசுக்குப் பல நாள் வெறும் வயிற்றோடு போனது இவரால்தான். மனதுக்குள் சாபம் கொடுத்தபடிதான் பஸ் ஏறுவேன்.

அவருடைய ஒரே மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் ஒரே பிடிவாதம். “நைனா, ரிஜிஸ்டர்ல உன் பேனாலதான் கையெழுத்து போடுவேன். வேற எவன் பேனா நீட்னாலும் தொடமாட்டேன்.”

அவ்வளவுதான், மனிதருக்குத் தூக்கம் போனது. கல்யாண வாரம் முழுக்கக் கொண்டல்தான். கல்யாணப் பேனா பூசப் பூச வெளுத்தது. தேய்த்தார், மறுபடி பூசினார், மறுபடி வெளுத்தது. பத்திரிகை வைக்கவேண்டிய மனிதர், படகுக்காரர்களிடம் காற்று எப்போது திரும்பும் என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார்.

கல்யாணத்தன்று காலை கச்சான் திரும்பியது. பந்தலில் பிரியாணி அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர் ஓடிவந்து சமையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுப்ப அண, மேஸ்திரி!”

“இன்னா சார், கல்யாணம் நின்னுபோச்சா?”

“ஐய, கடைசி பூச்சுப்பா!”

அடுப்பு அணைந்தது. துணி பசையைக் குடித்துவிடுகிறது என்று கடைசிப் பூச்சை மட்டும் வெறும் விரலால்தான் போடுவார். விரலை வைத்து அழுத்திய நேரம் பார்த்து மைக் செட்காரர் ஒயரைச் செருக, தெருவுக்கே கரண்ட் போனது. மோட்டார் நின்றது. கட்டையோடு வலது கைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் கெட்டியாக ஒட்டிக்கொண்டன.

எண்ணெய் விட்டோம், சோப்புத் தண்ணீரில் முக்கினோம், அசையவில்லை. சர்ச் மணி அடித்துவிட்டது. நானே கட்டையை மோட்டாரிலிருந்து கழற்றி, ரீஃபிலைச் செருகி முனையைத் திருகினேன். பேனா தயார், அவர் கையோடு சேர்த்து.

ரிஜிஸ்டர் முன்னால் அவர் கூனிக் குறுகி நின்றார். மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். “வேற பேனா தரட்டுமா?” என்றார் ஃபாதர். பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பாவின் கையை அப்படியே தன் கைக்குள் வைத்துக்கொண்டு, கோணல்மாணலாகப் பெயரை எழுதி முடித்தாள்.

அப்புறம் தோழி ஒருத்தி நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைக் கொண்டுவந்து ஊற்றவும், விரல்கள் விடுபட்டன. பேனாவில் மூன்று விரல் ரேகையும் அச்சாகப் பதிந்து, அந்த இடம் மட்டும் மங்கிப்போயிருந்தது.

“குடும்மா, அரமணி நேரத்துல பாலிஷ் போட்டு தரேன்.”

பெண் பேனாவைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “அது உன் கை நைனா. அத அழிக்காத.”

படகு ஓட்டையைக்கூட மங்கலாக விடாத மனிதர், சரியென்று தலையாட்டினார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.